வடகடற்கரை வழிப்பயணம்

ஊர் காணும் விருப்பம் மக்களுக்கு இயல்பாய் அமைந்தது. ஆயினும், வண்டியில் ஏறி ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்குச் சென்று சேர்வது மட்டும் பயணம் ஆகாது. உறங்கிக்கொண்டே செல்வோரும் குறித்த ஊரைச் சென்று சேர்வர். திரும்பி வந்தபின் அவர்கள் பிறர்க்குச் சொல்லத்தக்கது ஒன்றும் இராது. எங்கே நிற்பது, எவ்வேளையில் நிற்பது, நின்று எதனைக் காண்பது என்னும் மூன்றனையும் முன்னரே எண்ணித் துணிந்து புறப்படுவதே நல்ல பயணம். இராயபுரத்துப் பள்ளி ஒன்றன் மாணவர் ஒரு நாட்பயணத்திற்கு வழி வகுத்த முறை இதனை நன்கு விளக்கும்.

அப்பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருநாள், ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்துக் கடற்கரைச் சாலையைப் பற்றிப் படித்தனர். கெய்ன்ஸ் என்னும் துறைமுக நகரினின்று அச்சாலை வடக்கு நோக்கிச் செல்கிறது. ஒருபால் பவளக்கடல் விரிந்து கிடக்க, மறுபால் மழைக்காடு போர்த்த மலைகள் நிற்கின்றன. டெயின்ட்ரீ என்னும் ஆற்றை வண்டிகள் வடத்தால் இழுக்கப்படும் மிதவையில் ஏறிக் கடக்கின்றன. கெய்ன்ஸ் நகரிலிருந்து கேப் டிரிபுலேஷன் என்னும் கடல்முனை ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. இடையில் நில்லாது சென்றால் முற்பகலிலேயே அதனை அடைந்துவிடலாம். எனினும், அறிந்தோர் ஒரு நாள் முழுவதையும் அவ்வழிக்கென ஒதுக்குவர். சாலையோரத்துக் காட்சி முனைகளிலும், காட்டினுள் அமைந்த மரப்பாதைகளிலும் சிறிது சிறிது நேரம் நின்று நின்று செல்வர். 1988ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பெற்ற அம்மழைக்காடு, கடற்கரையில் அலை நீர் ஏறும் சதுப்புக்காட்டோடு கலந்து நிற்கிறது.

இதனைப் படித்த மாணவன் ஒருவன், “ஐயா, நம் ஊரிலும் இத்தகைய சாலை ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!” என்றான்.

ஆசிரியர் புன்முறுவல் பூத்தார். “மழைக்காடு காண வேண்டுமாயின் மேற்கே வால்பாறை மலைக்குச் செல்லவேண்டும், தம்பி. ஆனால், கடலும் காடும் கலக்கும் இடம் ஒன்று நம் பள்ளியிலிருந்து 15 கிலோமீட்டர் அளவில் உண்டு. அதற்கும் அப்பால், பறவைகள் வந்திறங்கும் பெருங்காயல் ஒன்றும் உண்டு. இரண்டும் ஒரே வழியில் அமைந்துள்ளன” என்று கூறிக் கரும்பலகையில் ஒரு கோடு வரைந்தார். இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, பழவேற்காடு என்னும் ஊர்ப்பெயர்கள் அக்கோட்டின்மீது ஏறின. மொத்தத் தொலைவு ஏறத்தாழ 60 கிலோமீட்டர்.

“தொலைவு சிறிதுதான். கைப்பேசியில் உள்ள வரைபடம் இவ்வழியை ஒரு நொடியில் காட்டிவிடும். ஆனால், எங்கே நிற்கவேண்டும் என்பதை அது காட்டாது. அதனை நீங்களே ஆராய்ந்து ஒரு வாரத்தில் வந்து சொல்லுங்கள்” என்று ஆசிரியர் பணித்தார். வகுப்பு நான்கு குழுக்களாகப் பிரிந்தது. காலத்தைத் தெரிதல் முதற்குழுவின் கடன்; இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை இரண்டாம் குழு; எண்ணூர் மூன்றாம் குழு; பொன்னேரியும் பழவேற்காடும் நான்காம் குழு.

காலம் தெரிதல்

குறித்த நாளில் முதற்குழுவினர் எழுந்து தம் முடிவைக் கூறினர்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். வங்கக்கடலில் புயல் தோன்றுவதும் பெரும்பாலும் அக்காலத்திலேயே. ஆதலின் அம்மாதங்கள் வேண்டா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள், மீன்கள் இனம் பெருகுதற்பொருட்டு, கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உண்டு. அப்பொழுது சென்றால் காசிமேட்டில் நிறுத்திய படகுகளையே காணலாம். கடலினின்று மீளும் படகுகளைக் காண இயலாது. வெயிலும் அப்பொழுது கடுமையாக இருக்கும். காயலுக்கு வரும் பூநாரைகளோ குளிர்காலத்தில் மிகுதியாய் வந்து தங்குவன. ஆகவே, மழை ஓய்ந்து, வெயில் ஏறாது, பறவைகளும் தங்கியிருக்கும் தை, மாசி மாதங்களே தக்கவை.

கிழமை எது? ஞாயிறன்று மீன் வாங்குவோர் கூட்டம் காசிமேட்டில் மிகும். மாணவர் கூட்டம் அங்கே இடையூறாகும். எனவே சனிக்கிழமை நன்று. இத்துணையோடு அவர்கள் நின்றுவிடவில்லை. கடல் நீர் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை வடியும். இதனைப் பழைய நூல்கள் ஓதம் என்னும். ஓதம் ஏறும் வேளை நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்திக்கொண்டே செல்லும். நீர் ஏறியிருக்கும்போது கழிக்கரைக்குச் சென்றால் நீர்ப்பரப்பு ஒன்றே தோன்றும். நீர் வடிந்திருக்கும்போது சென்றால் சேறும், வேரும், நண்டும், நாரையும் தோன்றும். ஆதலின், முற்பகல் பத்துமணி அளவில் நீர் வடிந்திருக்கும் ஒரு சனிக்கிழமையை ஓத அட்டவணை பார்த்துத் தேர்ந்திருந்தனர்.

“பயணத்தைக் கதிரவன் மட்டும் வகுப்பதில்லை, திங்களும் வகுக்கிறது” என்று ஆசிரியர் அவர்களைப் பாராட்டினார்.

இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை

இரண்டாம் குழுவினர் நான்கு நிறுத்தங்களைக் குறித்தனர்.

முதலாவது இராயபுரம் புகைவண்டி நிலையம். பள்ளியினின்று நடந்தே செல்லத்தக்க தொலைவில் உள்ளது அது. நாள்தோறும் அதன் வழியே சென்றும், பலர் அதனை நிமிர்ந்து பார்த்ததில்லை. தென்னிந்தியாவின் முதல் பயணியர் புகைவண்டி 1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இந்நிலையத்தினின்றே வாலாஜா நோக்கிப் புறப்பட்டது. உயர்ந்த தூண்களோடு கூடிய அதன் பழங்கட்டடம் இன்றும் நிற்கிறது. காண்பதற்குக் கால் மணி நேரம் போதும்.

இரண்டாவது காசிமேடு மீன்பிடித் துறைமுகம். விடியற்காலையில் படகுகள் வந்தணையும் வேளையே அதற்கு ஏற்றது. வஞ்சிரமும் வவ்வாலும், சங்கராவும் நெத்திலியும், இறாலும் நண்டும் கூடை கூடையாய் இறங்கும். ஏலக்குரல் எங்கும் எழும். ஒரு மணி நேரம் பிந்தினாலும் பெருமளவு மீன் விலைபோய்விடும். “ஆகவே மாணவர் காலை ஆறு மணிக்கே பள்ளி வாயிலில் கூடவேண்டும்” என்று குழுத்தலைவி கூறியபோது சிலர் முகம் சுளித்தனர். “மீனவர் நள்ளிரவிலேயே எழுகின்றனர்” என்று அவள் சொன்னதும் அவர்கள் அமைதியுற்றனர்.

மூன்றாவது நிறுத்தம் கடலோரத்துக் கல்லணை. காசிமேட்டிற்கு வடக்கே சாலையை ஒட்டிக் கருங்கற்கள் நெடுந்தொலைவு குவிக்கப்பெற்றுள்ளன. இவை ஏன் இடப்பட்டன? முற்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலில் தொலைவில் நிற்கும். பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் பொருள்களையும் மக்களையும் ஏற்றி அலைகளைக் கடந்து கரை சேர்ப்பர். அப்படகுகளைச் செலுத்தியோர் வாழ்ந்த ஊரே இராயபுரம். பேதுரு என்னும் புனிதரைத் தமிழில் இராயப்பர் என்பர். படகோட்டிகள் அவர் பெயரால் எடுத்த தேவாலயம் இன்றும் அங்குளது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலினுள் கற்சுவர் எழுப்பித் துறைமுகம் அமைத்தனர். 1881ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்த அதனைப் பின்னர்ச் செப்பனிட்டனர்.

இக்கரையில் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டு செல்வன. துறைமுகச் சுவர் அம்மணலைத் தடுத்தது. தடையுண்ட மணல் தெற்கே குவிந்தமையால் மெரினாக் கடற்கரை அகன்றது. வடக்கே மணல் வரவு நின்றமையால் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய பகுதிகளின் கரையைக் கடல் அரித்தது. வீடும் தெருவும் கடலுக்கு இரையாகாமற் காப்பதற்கே இக்கற்கள் இடப்பட்டன. “மெரினாவில் மணல்மீது அமர்ந்து காற்று வாங்குவோர் நம் கரையின் மணலில்தான் அமர்ந்திருக்கின்றனர்” என்று ஒரு மாணவன் சொல்ல, வகுப்பு நகைத்தது. நகைப்பு அடங்கியபின், அது வெறும் நகைச்சுவையன்று என்பதை எல்லாரும் உணர்ந்தனர்.

நான்காவது திருவொற்றியூர்த் திருக்கோயில். நண்பகலில் நடை சாத்தப்பெறும் ஆதலின் காலை எட்டரை மணிக்குள் அங்கே சேரவேண்டும். அப்பரும் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம் இது. சுந்தரர் சங்கிலியாரை மணந்ததும், மகிழமரத்தடியில் அவருக்குச் சூளுரை தந்ததும் இங்கேதான் என்று பெரியபுராணம் கூறும். ஊழிக்காலத்து வெள்ளத்தை ஒற்றி நிறுத்திய இடமாதலின் ஒற்றியூர் எனப் பெயர் பெற்றது என்பது தலவரலாறு. கடல் அரிக்கும் கரையில் இப்பெயர் வழங்குவது எண்ணத்தக்கது. சோழர் காலத்தில் இது கல்விக்கும் இருப்பிடமாய் விளங்கியது; பாணினியின் இலக்கணம் கற்பிப்பதற்கென இங்கே ஒரு மண்டபம் இருந்தமையைக் கல்வெட்டு அறிவிக்கிறது. இராமலிங்க அடிகள் வடிவுடையம்மை மீது மாலை பாடியதும், பட்டினத்தார் அடக்கமானதும் இவ்வூரிலேயே. கோயிலுக்கும் கடலோரத்துப் பட்டினத்தார் திருவிடத்திற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டது.

எண்ணூரில் எழுந்த வினா

மூன்றாம் குழுவினர் எழுந்தனர். அவர்கள் முடிவு யாரும் எதிர்பாராததாய் இருந்தது. “எண்ணூரில் நிற்க வேண்டா என்பது எங்கள் கருத்து. திருவொற்றியூரினின்று மணலி வழியே நேரே பொன்னேரிக்குச் சென்றுவிடலாம். எண்ணூரில் புகைபோக்கிகளும், நிலக்கரித் தூளும், சரக்குப் பெட்டகம் ஏற்றிய லாரிகளுமே உள்ளன. நாம் அழகு காணச் செல்கிறோம். அவ்விடத்தில் காண என்ன இருக்கிறது?” என்று குழுத்தலைவன் கூறினான்.

வகுப்பில் பலர் தலையசைத்தனர். அப்பொழுது கடைசி வரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். எண்ணூர்க் காட்டுக்குப்பத்தைச் சேர்ந்த மீனவர் மகள் அவள். இராயபுரத்தில் தாய்மாமன் வீட்டில் தங்கிப் படிப்பவள். அதிகம் பேசாதவள். “ஐயா, என் ஊரை விலக்கிச் செல்லும் வண்டியில் நான் வரவில்லை” என்றாள்.

வகுப்பு அமைதியுற்றது. “ஏன் அம்மா? உன் கருத்தை விளங்கச் சொல்” என்றார் ஆசிரியர்.

“கடலும் காடும் கலக்கும் இடம் என்று ஐயா சொன்னது எங்கள் கழிமுகத்தைத்தான். கொசத்தலையாறு அங்கேதான் கடலில் விழுகிறது. எங்கள் பாட்டி இடுப்பளவு நீரில் இறங்கி, பனையோலைப் பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, சேற்றில் கையால் துழாவியே இறால் பிடிப்பாள். வெள்ளாட்டுக்குத் தழை ஒடிப்பதும், வெயிலுக்கு ஒதுங்குவதும் அந்த அலையாத்தி மரங்களிடையேதான். இவர்கள் அதைப் பார்த்ததில்லை. பார்க்காமலே ஒன்றும் இல்லை என்கிறார்கள்” என்றாள்.

ஆசிரியர் வகுப்பை நோக்கி அலையாத்தி மரத்தின் இயல்பை விளக்கினார். பழந்தமிழர் நெய்தல் நிலத்து மரமாகக் கூறிய கண்டல் இவ்வினத்தது. பிற மரங்கள் உப்பு நீரில் பட்டுப்போகும். இதுவோ உப்பு நீரிலேயே வாழும். மிகுந்த உப்பை இலைகளின் வழியே வெளியேற்றும். சேற்றினுள் காற்றுப் புகாதாகையால், இதன் வேர்கள் பென்சில்களை நட்டாற்போலச் சேற்றின்மேல் நிமிர்ந்து நின்று மூச்சுவிடும். அவ்வேர்களின் இடையே மீன்குஞ்சும் இறாற்குஞ்சும் பகைக்கு அஞ்சாது வளரும். புயலில் எழும் அலையின் வேகத்தை இக்காடு தணிக்கும். அலையை ஆற்றுவதால் அலையாத்தி ஆயிற்று என்பர். மழைக்காட்டின் உயரம் இதற்கு இல்லை. ஆனால், கரையோர மக்களுக்கு இது செய்யும் உதவி பெரிது.

குழுத்தலைவன் விடவில்லை. “அப்படியாயின் அக்காடு இன்று நன்றாக இருக்கிறதா?” என்று வினவினான்.

மாணவி சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், “2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. மணலிப் பக்கமிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியே வந்து எங்கள் கழிமுகம் முழுதும் பரவியது. படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுத்தன. வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறியதோ அவ்வளவு உயரத்திற்கு மரங்களில் கறுப்புக் கோடு விழுந்தது. அப்பா பல வாரம் தொழிலுக்குப் போகவில்லை. எண்ணெயை வாளியால் மொண்டு மொண்டு எடுத்தார்கள். நன்றாக இல்லை என்பதற்காகத்தான் நிற்க வேண்டும் என்கிறேன்” என்றாள்.

குழுத்தலைவன் தலை குனிந்தான். ஆசிரியர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. இரு பக்கமும் உள்ளதைக் கூறலானார்.

“எண்ணூரின் புகைபோக்கிகளை வெறுத்தலும் முறையன்று. 1970ஆம் ஆண்டு தொடங்கி 2017ஆம் ஆண்டு மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையம் நம் வீடுகளில் விளக்கேற்றியது. அத்திப்பட்டுப் புதுநகரில் உள்ள வடசென்னை அனல்மின் நிலையம் 1994 முதல் மின்சாரம் தருகிறது. அதற்குரிய நிலக்கரி, 2001ஆம் ஆண்டு செயற்படத் தொடங்கிய துறைமுகத்தில் வந்து இறங்குகிறது. அத்துறைமுகம் இன்று காமராசர் பெயரைத் தாங்கி நிற்கிறது. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் உள்ள தொழிற்சாலைகளில் உங்கள் தந்தையரும் தமையன்மாரும் பணி செய்கின்றனர். ஆனால், எரிந்த கரியின் சாம்பலை நீரில் கரைத்துக் குழாய் வழியே அனுப்பும்போது, குழாய் உடைந்த இடங்களில் எல்லாம் அது ஆற்றில் படிந்தது. ஆறு ஆழம் குறைந்தது. நமக்கு வந்த வெளிச்சத்தின் விலையில் ஒரு பகுதியை இவள் ஊரார் கொடுத்திருக்கின்றனர். அவ்விலையைக் காணாமல் வழிமாறிச் செல்வது அறமாகுமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.”

மற்றொரு மாணவன் எழுந்து, “ஐயா, அரை மணி நேரம் நின்று காண்பதால் நாம் என்ன செய்துவிட முடியும்?” என்று கேட்டான். அது நேர்மையான வினா.

“2017ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் எண்ணூருக்கு அருகே கடலில் இரு கப்பல்கள் மோதின; எண்ணெய் கரையெங்கும் ஒதுங்கியது. அப்பொழுது மாணவரும் தொண்டரும் வந்து மீனவரோடு நின்று, கையாலும் வாளியாலும் அதனை அள்ளினர். அத்தகைய வேலை எல்லா நாளும் வாய்ப்பதன்று, வாராதிருத்தலே நன்று. ஆனால், எல்லா நாளும் செய்யத்தக்க வேலை ஒன்றுண்டு. கண்டதைக் கண்டவாறு எழுதிவைப்பது அது. எத்தனை வகை மரம், எத்தனை வகைப் பறவை, நீரின் நிறம் என்ன, மரத்தில் உள்ள கறுப்புக் கோடு மங்கியதா என்று ஓர் ஏட்டில் எழுதுங்கள். அடுத்த ஆண்டு வரும் வகுப்பு அதே மாதத்தில் அதே இடத்தில் நின்று எழுதட்டும். பத்து ஆண்டுகள் கழித்து, இக்கழிமுகம் முன்பு எவ்வாறு இருந்தது என்று யாரேனும் கேட்டால், விடை சொல்ல ஓர் ஏடு இருக்கும்” என்றார் ஆசிரியர்.

மூன்றாம் குழுவின் தலைவனே முதலிற் கையை உயர்த்தினான். எண்ணூரில் ஒரு மணி நேரம் நிற்பதென வகுப்பு ஒருமனதாக முடிவு செய்தது. மாணவியின் தந்தையை வழிகாட்டியாக அழைப்பதென்றும் துணிந்தனர். 1806ஆம் ஆண்டு அளவில் எண்ணூரை நோக்கி வெட்டத் தொடங்கிப் பின்னர் நீட்டப்பட்டு, பஞ்சக் காலத்தில் பலர்க்கு வேலை தந்து, அக்கால ஆளுநரின் பெயரால் பக்கிங்காம் எனப்பட்ட கால்வாயையும் அங்கேயே காண்பதென்று குறித்துக்கொண்டனர்.

காயலை நோக்கி

நான்காம் குழுவினர் மீதி வழியை எடுத்துரைத்தனர். எண்ணூரில் ஆற்றைக் கடந்து, அத்திப்பட்டு வழியாக மீஞ்சூரும் பொன்னேரியும் சென்று, கிழக்கே திரும்பிப் பழவேற்காட்டை அடையவேண்டும். மீஞ்சூரில் வண்டியை நிறுத்த வேண்டா. ஆயினும் சன்னல் வழியே நோக்கும்போது ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். அப்பகுதியில் நிலத்தடி நீரை மிகுதியாய் இறைத்தமையால் கடல்நீர் உட்புகுந்து பல கிணறுகள் உவர்ப்பாயின. அதே பகுதியில், காட்டுப்பள்ளியில், 2010ஆம் ஆண்டில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் இயங்கத் தொடங்கியது. நிலத்திலிருந்து இழந்ததைக் கடலினின்று விலை கொடுத்து வாங்க நேர்ந்தது.

பழவேற்காடு, ஒடிசாவின் சிலிகாவிற்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல். அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் உள்ளது. காயலுக்கும் வங்கக்கடலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாத் தீவினின்று, 1971 முதல் ஏவூர்திகள் விண்ணில் செலுத்தப்படுகின்றன. ஏவும் நாளில் அருகிலுள்ள கடலிற் செல்ல மீனவர்க்குத் தடை விதிக்கப்படும். ஆதலின் பயண நாளுக்கு முன்னரே செய்தித்தாளைப் பார்த்துத் தெளிதல் வேண்டும்.

அங்குக் காண்பன மூன்று. முதலாவது ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம். 1613ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் இவ்வூரில் கெல்திரியா என்னும் கோட்டை அமைத்தனர். 1690இல் நாகப்பட்டினத்திற்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்தம் தலைமையிடம் இதுவே. இங்கிருந்து நெசவுத் துணிகள் கிழக்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றன. அடிமைகளாக விற்கப்பட்ட மக்களும் சென்றனர். கோட்டை அழிந்தது, கல்லில் அழகுறச் செதுக்கிய கல்லறைகள் எஞ்சின. அங்கு அடங்கியோரின் பெயர்கள் கல்லில் உள்ளன. அடிமைகளாய்க் கப்பலேறியோர் பெயர் எக்கல்லிலும் இல்லை.

இரண்டாவது பறவைகள். நெடுங்காலும் வளைந்த அலகும் கொண்ட பூநாரை, தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, சேற்று நீரை அலகால் வடிகட்டி உண்ணும் காட்சி வேறெங்கும் எளிதிற் காணக்கிடைப்பதன்று. கூழைக்கடாக்களும் அங்கே கூடும். மூன்றாவது, அவ்வூர் மீனவரின் பாடு முறை. காயலில் மீன்வளம் மிக்க இடங்களை ஒருவரே பற்றிக்கொள்ளாது, முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பழைய ஏற்பாடு அது. ஒருவர்க்கு இன்று நல்ல இடம் வாய்த்தால், நாளை அது மற்றவர்க்கு உரியதாகும்.

“காயலில் படகேறிச் செல்லலாமா?” என்று பலர் ஆவலோடு கேட்டனர். நான்காம் குழுவின் தலைவி உறுதியாக மறுத்தாள். “2011ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் பழவேற்காட்டில் உல்லாசமாகச் சென்றோர் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். கரையில் நின்றே பறவைகளைக் காணலாம். நம் திட்டத்தில் படகு இல்லை” என்றாள். ஆசிரியர் அதனை அப்படியே ஏற்றுக்கொண்டார். எதனைச் செய்வது என்று எண்ணுவது போலவே, எதனைச் செய்யாது விடுவது என்று முன்னரே துணிவதும் வழிவகுத்தலின் ஒரு கூறாகும்.

புறப்பட்ட நாள்

திட்டம் முழுவதும் கரும்பலகையில் எழுதப்பட்டது. காலை 6 மணிக்குப் புகைவண்டி நிலையம், 6.30க்குக் காசிமேடு, 7.30க்குக் கல்லணை, 8.30க்குத் திருவொற்றியூர்; 10 மணிக்கு எண்ணூர்; 12.30க்குப் பழவேற்காடு, மாலை 4 மணிக்கு மீட்சி. இருட்டியபின் பெட்டக லாரிகள் மிகுதியாய் ஓடும் சாலையாதலின், பொழுதோடு திரும்புவது இன்றியமையாதது. குடிநீர், கட்டுச்சோறு, மருந்துப்பெட்டி, எழுதும் ஏடு ஆகியவற்றிற்குப் பொறுப்பாளர் குறிக்கப்பட்டனர்.

தை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் அவர்கள் புறப்பட்டனர். எண்ணூரை அடைந்தபோது, கணித்தவாறே நீர் வடிந்திருந்தது. சேற்றின்மேல் ஆயிரக்கணக்கான வேர்முனைகள் நிமிர்ந்து நின்றன. அவற்றின் இடையே நண்டுகள் ஓடின. வெண்கொக்கு ஒன்று அசையாது நின்றது. தொலைவில் புகைபோக்கிகள் உயர்ந்து தோன்றின. மாணவியின் தந்தை ஒவ்வொரு மரத்தையும் பறவையையும் பெயர் சொல்லிக் காட்டினார். அவள் அவற்றை மற்றவர்க்கு எடுத்துச் சொன்னாள். எண்ணூரில் காண ஒன்றும் இல்லை என்று கூறிய மாணவனே ஏட்டை வாங்கி, நாளும் வேளையும் குறித்து, முதல் வரியை எழுதினான்.

ஒரு மணி நேரம் கழிந்ததும் வண்டி புறப்பட்டது. அம்மாணவி பின்சன்னல் வழியே தன் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இம்முறை அவளோடு வேறு பலரும் பார்த்துக்கொண்டிருந்தனர்.

தொலைவில் உள்ள நாட்டின் அழகைப் போற்றுவது எளிது. நாள்தோறும் கடந்து செல்லும் வழியில் வண்டியை நிறுத்தி இறங்கி, அழகையும் அழிவையும் ஒருங்கே நோக்குவது அரிது. அவ்வாறு நின்று கண்டவரே தம் ஊரை அறிவர். அறிந்தவர்க்கே அதனைக் காக்கும் கடமையும் புலனாகும்.